சுத்தம் செய்த குரல்

காஷ்மீரிலிருந்து இம்தியாஸ் தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். செத்துப்போன தன் அக்காவின் குரல். எப்படி இருந்தாலும் சரி, எவ்வளவு இருந்தாலும் சரி, அம்மா அதைக் கேட்க வேண்டும் என்கிறாள்.

பாக்கார் ஆராங்கிலிருந்த தன் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த யோகேஸ்வரி, கையிலிருந்த சட்டையை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவன் ஆங்கிலத்தில் பேசினான். நிறுத்தி நிறுத்தி, அழுகையை ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டு பேசினான்.

"படம் நிறைய இருக்கு, பாஜி," என்றான். அக்காவை அவர்கள் வீட்டில் பாஜி என்றுதான் கூப்பிடுவார்கள்; யோகேஸ்வரியையும் அவன் அப்படியே கூப்பிட்டான். "குரல்தான் இல்ல. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால அக்கா எப்பவும் போன்ல கூப்பிட்டுத்தான் பேசுவா. கூப்பிட்டுப் பேசினது எங்கயும் தங்கலையே. எனக்கு அனுப்பினதெல்லாம் எழுத்து. நீங்க அவளப் பேச வச்சுப் பதிவு பண்ணினீங்களாம். அத அம்மாகிட்டச் சொல்லிச் சிரிச்சிருக்கா. அம்மாவுக்கு இப்ப அதுதான் ஞாபகம்."

"அம்மா எப்படி இருக்காங்க?"

"சுவரப் பாத்துப் படுத்திருக்காங்க. உப்புத் தேநீர் மட்டும் இறங்குது. நாங்க சொல்றத நம்ப மாட்டேங்குறாங்க. உடம்பையும் பாக்கல, மண்ணையும் பாக்கல, எத வச்சு நம்புறதுன்னு கேக்குறாங்க."

அனுப்புகிறேன் என்று யோகேஸ்வரி வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் என்ன காரியம் செய்தோம் என்று உறைத்தது. தன்னிடம் இருப்பது என்னவென்று அவளுக்குத் தெரியும்.

யோகேஸ்வரி ரப்பர் எஸ்டேட்டில் பிறந்து, பால்மரத்து வேலையில் கை காய்த்துப்போன பெற்றோருக்கு மகளாக வளர்ந்து, மொழியியலில் டாக்டர் பட்டம் வரைக்கும் வந்தவள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு; இருந்தால்தான் என்ன? ஆனால் அவள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டவர்கள் எல்லாரும் ஒரு கணம் வாயைத் திறந்து மூடினார்கள். மங்கோலிய மொழியையும் காஷ்மீரி மொழியையும் ஒப்பிடுவது. அவள் கணவன் காளிதாசன் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பவன். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவான்.

"மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறதுக்கு ஒரு டாக்டர் பட்டமா? நல்லாருக்கு லா!" என்றான்.

பல்கலைக்கழகத்தில் அவள் சொன்ன காரணம் முறையான காரணம். மங்கோலியத்தில் ஒரு சொல்லின் முதல் உயிரொலி எதுவோ, பின்னால் வருபவை அதற்கு அடங்கி நடக்கும். காஷ்மீரியில் நேர் தலைகீழ். சொல்லின் கடைசியில் இருக்கும் ஒலி முன்னால் இருப்பதை மாற்றிவிடும். மாற்றிவிட்டுத் தான் காணாமல் போய்விடும். ஆண் குதிரைக்கும் பெண் குதிரைக்கும் அங்கே கிட்டத்தட்ட ஒரே சொல். நடுவில் ஓர் ஒலி மட்டும் வேறு. அதை வேறாக்கியது இப்போது யார் வாயிலும் வருவதில்லை. இரண்டு மொழிக்கும் ஒட்டு உறவு கிடையாது என்பதால்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவள் வாதாடினாள். பேராசிரியர்கள் தலையாட்டினார்கள்.

உண்மையான காரணம் ஜித்ராவில் இருந்த வாடகை வீடு. பல்கலைக்கழகம் அதற்கும் வடக்கே, மலைக்காட்டுக்குள். வாரநாட்களில் யோகேஸ்வரி ஜித்ராவில் தங்குவாள், வாரக்கடைசியில் கெரெத்தாவை ஓட்டிக்கொண்டு பாக்கார் ஆராங்குக்கு வந்துவிடுவாள். அந்த வீட்டில் மூன்று அறை. ஒன்றில் யோகேஸ்வரி. இன்னொன்றில் கணக்கியல் படிக்க வந்த காஷ்மீர்ப் பெண் மசரத், இம்தியாஸின் அக்கா. மூன்றாவதில் சுற்றுலாத் துறை படிக்க வந்த மங்கோலியப் பெண் ஒயூன். ஆராய்ச்சிக்கு ஆள் தேடி உலகமெல்லாம் அலைவானேன், அடுப்பங்கரையில் இரண்டு பேர் நிற்கும்போது? சமையலில் அவர்கள் மூவருக்கும் ஒத்துப்போனதே கிடையாது. ஒருத்திக்கு மிளகாய் ஆகாது, ஒருத்திக்கு மிளகாய் இல்லாமல் ஆகாது. ஆனால் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடாத இரவும் கிடையாது.

பதிவு செய்தது ஒயூனின் அறையில். அங்கேதான் தடித்த திரைச்சீலை இருந்தது. காற்றாடியை நிறுத்தி, சன்னலை அடைத்து, வேர்த்து வழிய உட்கார்ந்து, யோகேஸ்வரி ஒரே வரிசையில் கேட்கும் ஒவ்வொரு சொல்லையும் அவரவர் மொழியில் சொல்ல வேண்டும். இரண்டு தடவை. நடுவில் இடைவெளி விட்டு.

"ராகம் போடக் கூடாது," என்று யோகேஸ்வரி கண்டிப்பாகச் சொன்னாள். "யாரையோ கூப்பிடுற மாதிரி சொல்லாதே. யார்கிட்டயோ கேக்குற மாதிரியும் சொல்லாதே. கல்ல எடுத்துக் கீழ வைக்கிற மாதிரி வை."

ஒயூனுக்கு அது எளிதாக வந்தது. மசரத்துக்கு வரவே இல்லை. பனி என்றால் பெரியப்பா வீட்டுக் கூரை சரிந்த கதை, நெருப்பு என்றால் சட்டிக்குள் கனல் போட்டுப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தம்பியின் சட்டையைப் பொசுக்கிய கதை. ஒரு சொல்லுக்கு ஒரு சிரிப்பு. வீட்டுக்கு மங்கோலியத்தில் 'கெர்', காஷ்மீரியில் 'கர்' என்று தெரிந்த அன்று இருவரும் குதித்தார்கள். அம்மாவுக்கு ஒருத்தி 'ஏஜ்' என்றாள், மற்றவள் 'மோஜ்' என்றாள். இதெல்லாம் தற்செயல், ஆராய்ச்சியில் சேராது என்று யோகேஸ்வரி சொல்லிவிட்டாள்.

"தற்செயல்னா என்ன?" என்று மசரத் கேட்டாள். "சொந்தம் இல்லைன்னு அர்த்தமா?"

யோகேஸ்வரி வரிசையில் அடுத்த சொல்லைக் கேட்டாள். அவள் கவனமெல்லாம் ஒலிவாங்கியின் மேல் இருந்தது.

அடுத்த வேலை சுத்தம் செய்வது. அந்தத் துறையில் இருப்பவர்கள் அதை அப்படித்தான் சொல்வார்கள். சொல்லை மட்டும் வெட்டி எடுத்து, இருமல், மூச்சு, பேச்சு, சிரிப்பு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட வேண்டும். வெட்டி முடித்த கையோடு மூலப் பதிவை அழித்துவிடுவது அவளை வழிநடத்திய பேராசிரியர் வகுத்த ஒழுங்கு. அதில் நியாயமும் இருந்தது. நம்பி வந்து பேசுகிறவர்கள் பேச்சுவாக்கில் வீட்டு விஷயத்தையெல்லாம் கொட்டிவிடுகிறார்கள். அது வெளியே போகக் கூடாது. யோகேஸ்வரி மசரத்தின் பதிவை உட்கார்ந்து ஒழுங்காகச் சுத்தம் செய்தாள். இருந்ததிலேயே தட்டையான உச்சரிப்புகளைப் பொறுக்கி எடுத்தாள். மிச்சத்தை அழித்தாள். தன் வேலையைப் பார்த்துத் தானே திருப்திப்பட்டுக்கொண்டாள்.

பிறகு மசரத்துக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கி. அலோர் ஸ்டார் மருத்துவமனையில் மருத்துவர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். பலன் இல்லை. மசரத்தை ஜித்ராவிலேயே, பள்ளிவாசல் அடக்கத்தலத்தில், மழையில் புதைத்தார்கள். அம்மாவிடம் கடப்பிதழ் இல்லை. இருந்திருந்தாலும் வந்து சேர்ந்திருக்க முடியாது. தம்பி தொலைபேசியில் பார்த்தான். அம்மாவுக்குக் காட்ட அவனுக்கு மனம் வரவில்லை. யோகேஸ்வரியும் ஒயூனும் வேலியோரம் குடை பிடித்து நின்றார்கள். அங்கே யாருமே வாய்விட்டு அழவில்லை. எஸ்டேட்டில் இப்படி ஒரு வயசுப் பெண் போயிருந்தால் லயத்து வீடெல்லாம் அழுகையில் இடிந்திருக்கும், இவளுக்கு அழ ஒரு நாதியில்லையே என்று யோகேஸ்வரி நினைத்தாள். ஆனால் அவளாலும் அழ முடியவில்லை.

இப்போது மடிக்கணினியைத் திறந்து மசரத்தின் சொற்களை ஓடவிட்டாள். ஆப். ஆப். அது தண்ணீர். ஷீன். ஷீன். அது பனி. ஒவ்வொன்றும் நறுக்கென்று தொடங்கி நறுக்கென்று முடிந்தது. மூச்சுகூட இல்லை.

காளிதாசன் பின்னால் வந்து நின்று கேட்டான். "இதுவும் அந்தப் புள்ள குரல்தானே? அனுப்பு லா."

"இது குரல் இல்லீங்க. கறிய வழிச்சு எடுத்துட்டு எலும்ப வச்சிருக்கேன். நானே வழிச்சேன். இத எப்படிங்க ஒரு தாய்க்கு அனுப்புறது?"

அவன் அவள் தலையில் கை வைத்தான். அவன் கேலி பண்ணாததே அவளுக்குப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை அவள் தன்னை வழிநடத்தும் பேராசிரியர் அருள்நேசனைப் பார்த்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாக அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பம். எதையும் விதிப்படி செய்கிறவர். பதிவை ஆராய்ச்சிக்கு வெளியே யாருக்கும் தருவதில்லை என்று மசரத்துக்குக் கொடுத்த உறுதியை யோகேஸ்வரி நினைவுபடுத்தினாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பெத்த தாய்க்குக் குடுக்கிறதுக்கு ஆரிட்டையும் கேக்கத் தேவையில்லை, பிள்ளை. அந்தப் பொறுப்பு என்ரை. நீர் குடும்," என்றார். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "ஆனா அதிலை என்ன இருக்கெண்டு குடுக்கப் போறீர்? வெறும் சொல்லுத்தானே?" என்றார்.

அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது.

அன்று மாலை ஜித்ரா வீட்டில் அவளுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. ஒயூனின் பதிவு இன்னும் சுத்தம் செய்யப்படவில்லை. காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். ஒயூன் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறாள். அவளுக்குப் பின்னால், கதவுக்கு அந்தப் பக்கம், கூடத்தில் மசரத். அம்மாவோடு பேசுகிறாள்! தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, காஷ்மீரியில், ஊருக்கே கேட்கும் குரலில் ஏதோ சொல்கிறாள், சண்டை போடுகிறாள், சிரிக்கிறாள், மறுபடி சொல்கிறாள். நிமிடக்கணக்கில் ஓடியது. ஒயூன் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் விட்ட இடைவெளியெல்லாம் மசரத்தான். யோகேஸ்வரி எழுந்தாள். ஓடிப்போய் ஒயூனின் கதவைத் தட்டினாள்.

ஒயூன் கடைசிவரை கேட்டாள். பிறகு காதிலிருந்து கழற்றி, மெதுவாகக் கட்டிலின் மேல் வைத்தாள்.

"இப்ப வேண்டாம்," என்றாள்.

"ஏன்?"

"எங்க ஊர்ல, போனவங்களுக்கு நாப்பத்தொன்பது நாள் வழி. அதுவரைக்கும் பேரைச் சொல்ல மாட்டோம். கூப்பிட மாட்டோம். அழவும் கூடாது. அழுதா அவங்க போற வழியில ஆறு ஓடும்பாங்க. கூப்பிட்டா திரும்பிப் பாப்பாங்க. திரும்பிப் பாத்தா வழி தப்பிடும்." அவள் குரல் உயரவில்லை. "இதுல நான் ஒரு சொல் சொல்றேன், அவ பேசுறா. நான் ஒரு சொல் சொல்றேன், அவ சிரிக்கிறா. நான் அவள நிக்க வச்சுப் பேசுற மாதிரி இருக்கு. என் குரல வெட்டி எடுத்தாலும் அப்படித்தான். அந்த நாள் முடியட்டும். அப்புறம் நானே உன் கையில தரேன்."

"அதுவரைக்கும் அந்தம்மா இருக்கணுமே! அவங்க சாப்பிடல, ஒயூன். அதோட மசரத் உங்க ஊர்க்காரி இல்லையே. அவங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது."

"அவங்களுக்குக் கிடையாது. எனக்கு இருக்கு. அது என் வாய்."

யோகேஸ்வரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தாள். எஸ்டேட்டில் செத்தவர்களைப் பேர் சொல்லித்தான் அழுவார்கள். எழுந்திரு, ஏன் போனே, எனக்குப் பதில் சொல்லு என்று உலுக்கி உலுக்கிக் கேட்பார்கள். கூப்பிடாமல் இருப்பதுதான் அங்கே கல்நெஞ்சு. கோப்பு அவள் கணினியில்தான் இருந்தது. ஒரு விரல் தட்டினால் காஷ்மீர் போய்ச் சேர்ந்துவிடும். ஒயூனுக்குத் தெரியவே போவதில்லை. விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். இன்னொருத்தியின் வாயை அவளைக் கேட்காமல் எடுத்துக் கொடுப்பதற்கு மட்டும் அவளுக்குக் கை வரவில்லை. ஏற்கெனவே ஒருத்தியின் சிரிப்பைக் கேட்காமல் அழித்தாயிற்று. அந்தப் பாவம் போதும்.

கடைசியில் இருப்பதைத்தான் கொடுத்தாக வேண்டும் என்று ஆனது. கணினியிடம் சொன்னால் வெட்டிய துண்டுகளை வரிசை மாறாமல் கோத்துக் கொடுத்துவிடும். சொல்லுக்குச் சொல் நிறைய இடைவெளி விடச் சொன்னாள், தாய்க்கு மூச்சு வாங்க நேரம் வேண்டுமே என்று. திரும்பக் கேட்டுப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை. அது அவள் வரிசை, அவள் தயாரித்தது, அவளுக்கு மனப்பாடம். கேட்டுப் பார்க்க என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை பாக்கார் ஆராங் வீட்டிலிருந்து கூப்பிடுவதாக ஏற்பாடு. பதிவை மட்டும் அனுப்பிவைக்க அவளுக்குப் பயமாக இருந்தது. கூடவே இருந்து சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். ஆச்சரியமாக, ஒயூன் தானும் வருகிறேன் என்றாள். ஜித்ரா வீட்டில் தனியாக இருக்க முடியவில்லையாம். வீட்டுக்கு வந்ததும் ஒயூன் கூடத்தின் ஓரத்தில், கதவை ஒட்டி, தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

இம்தியாஸ் தன் தொலைபேசியை அம்மாவின் தலைமாட்டில் வைத்தான். யோகேஸ்வரி மேசையில் கணினிக்குப் பக்கத்தில் தன்னுடையதை வைத்தாள்.

"தம்பி, முதல்லயே சொல்லிடுறேன். இதுல பேச்சு இல்ல. வெறும் சொல்தான். தனித்தனியா இருக்கும். அம்மாகிட்டச் சொல்லிடுங்க. என்னை மன்னிச்சுக்கச் சொல்லுங்க."

அவன் காஷ்மீரியில் ஏதோ சொன்னான். யோகேஸ்வரி விசையைத் தட்டினாள்.

வரிசையில் முதல் சொல் அம்மா.

"மோஜ்," என்றாள் மசரத். நிறுத்தி, மறுபடி, "மோஜ்."

மறுமுனையில் கட்டில் கிரீச்சிட்டது. உடனே ஒரு கிழட்டுக் குரல், கரகரத்து, அவசரமாக, ஒரே மூச்சில் என்னவோ சொன்னது. இம்தியாஸ் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இல்லை. கூப்பிட்ட பிள்ளைக்கு என்ன பதிலோ அதுதான்.

யோகேஸ்வரி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ராகம் போடாதே, யாரையும் கூப்பிடாதே என்று அடித்து அடித்துத் தட்டையாக்கி வாங்கிய சொல் அது.

அப்பா, தம்பி, தலை, கண், கை என்று சொற்கள் போயின. அம்மா ஒவ்வொன்றுக்கும் ம், ம் என்றாள், கதை கேட்பவள் போல். தண்ணீர் வந்தது. ஆப். ஆப். அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் நகரும் ஓசை கேட்டது. பனி வந்தபோது அம்மா இரண்டு மூன்று வாக்கியம் சேர்ந்தாற்போல் சொன்னாள்.

"இந்த வருஷம் இன்னும் விழலைன்னு சொல்றாங்க," என்றான் இம்தியாஸ். அவன் குரல் உடைந்திருந்தது.

ஒயூனுக்குக் காஷ்மீரியில் அரைச் சொல்லும் தெரியாது. ஆனால் இதே வரிசையை அவளும் சொல்லியிருக்கிறாள். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் அவள் உதடு ஓசையில்லாமல் அசைந்தது. தன் மொழியில் சொல்லிப் பார்க்கிறாள் என்று யோகேஸ்வரிக்குப் புரிந்தது.

பொருள்கள் முடிந்து செயல்கள் தொடங்கின. குடி. குடி. சாப்பிடு. சாப்பிடு. மசரத்தின் குரல் வீட்டுப் பெண் அதட்டுவதுபோல் விழுந்தது. அம்மா சற்றுத் தயங்கிவிட்டுப் பதில் சொன்னாள்.

"சாப்பிட்டேன்னு சொல்றாங்க, பாஜி," என்றான் இம்தியாஸ். "பொய்."

பார். கேள். தூங்கு. தூங்கு. அப்போதுதான் யோகேஸ்வரிக்கு அடுத்தது என்ன என்று உறைத்தது. உலகத்தில் எந்த மொழியை எடுத்தாலும் மனிதர்களுக்குத் தேவைப்படும் சொல் என்று வரிசையில் அவளே சேர்த்தது. வேலை என்று வந்தால் அதுவும் ஓர் எண்ணுள்ள சொல்தான்; அதற்கு மேல் அவள் நினைத்துப் பார்த்ததில்லை. நிறுத்தக் கை நீட்டினாள். அதற்குள் வந்துவிட்டது.

"மர்," என்றாள் மசரத். "மர்."

சா. சா.

கூடத்தில் காளிதாசன்கூட அசையாமல் நின்றான். அவனுக்கு அர்த்தம் தெரியாது. யோகேஸ்வரியின் முகத்தைப் பார்த்தே நின்றுவிட்டான். அவள் உடனே பதிவை நிறுத்தினாள். தொலைபேசியில் மூச்சு ஒன்று ஏறி இறங்கியது. பிறகு வந்தது சிரிப்பு. அம்மா சிரித்தாள். கொஞ்சம்தான், இருமலோடு சேர்ந்து. சிரித்துக்கொண்டே எதையோ சொன்னாள்.

"தம்பி, மன்னிச்சுடுங்க. தெரியாம விட்டுட்டேன். நான் கேட்டுப் பாத்திருக்கணும். நான்..."

"இல்ல, பாஜி. இருங்க." இம்தியாஸ் மூக்கை உறிஞ்சினான். "சின்னப் புள்ளையில கோவம் வந்தா அம்மாவ அவ இப்படித்தான் திட்டுவா. அம்மா துடைப்பத்த எடுத்துக்கிட்டுத் துரத்துவாங்க. அவளேதான்ங்கிறாங்க. அம்மா இப்பத்தான் நம்புறாங்க. நிறுத்தாதீங்க. இன்னும் இருக்கான்னு கேக்குறாங்க."

யோகேஸ்வரியின் கண்ணிலிருந்து இத்தனை நாள் வராதது அப்போது வந்தது. அடக்காமல் அழுதாள். ஒயூன் ஓரத்திலிருந்து அவளைப் பார்த்தாள்; அழாதே என்று சொல்லவில்லை. யோகேஸ்வரி முகத்தைத் துடைக்காமலே விசையைத் தட்டினாள்.

நட. நட.

"வல," என்றாள் மசரத். "வல."

வா. வா.

அடுத்த சொல் வந்தது, அதற்கடுத்தது வந்தது. அம்மா எதற்கும் ம் கொட்டவில்லை. கட்டில் மறுபடி கிரீச்சிட்டது. துணி உரசும் ஓசை, தரையில் கால் இழுபடும் ஓசை. இம்தியாஸ் பதறிப்போய்க் காஷ்மீரியில் கத்தினான். அம்மா அவனுக்குச் சுருக்கமாக ஏதோ சொன்னாள். பிறகு அவள் குரல் தூரத்திலிருந்து, அறையின் வேறொரு மூலையிலிருந்து கேட்டது.

"தம்பி? என்னாச்சு? அம்மாவுக்கு என்ன?"

இம்தியாஸ் தொலைபேசியைக் கையில் எடுப்பது கேட்டது.

"எந்திரிச்சுட்டாங்க, பாஜி," என்றான். "செருப்பத் தேடுறாங்க."

யோகேஸ்வரி பதிவை நிறுத்தினாள். வரிசையில் இன்னும் சில சொற்கள் மிச்சமிருந்தன. அவை இனி யாருக்கும் வேண்டியதில்லை. அவள் காளிதாசனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சொல்லாமலே கெரெத்தாச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஒயூன் எழுந்தாள். அவள் ஊர் வழக்கத்துக்கு மசரத் அடங்கிய மண்ணருகே இப்போது போகக் கூடாது. இருந்தும் போய்ப் பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"தம்பி," என்றாள் யோகேஸ்வரி தொலைபேசியிடம். "செருப்ப எடுத்துக் குடுங்க. போட்டுக்கட்டும். ஜித்ரா இங்கிருந்து ஒரு மணி நேரம். போன வச்சிடாதீங்க. அம்மாவ நான் கூட்டிக்கிட்டுப் போறேன்."